சிறிய கணினிப் பெட்டிக்குள் ஒரு வீட்டு ஸ்டீரியோ: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

மினி ஐடிஎக்ஸ் என்னும் சிறிய அளவு மதர்போர்டுக்காகச் செய்யப்பட்ட, ஏறத்தாழ 7 லிட்டர் கொள்ளளவுள்ள ஓர் எஃகுப் பெட்டி என்னிடம் இருந்தது. அதற்குள் ராஸ்பெர்ரி பை 4 என்னும் ஒற்றைப் பலகைக் கணினி (இனி ‘பை’), எண்வடிவ இசையை மின்னலையாக மாற்றும் பிசிஎம் 5122 சிப் கொண்ட டாக் பலகை, டிபிஏ 3116டி2 சிப் கொண்ட ஆம்ப்ளிஃபையர் பலகை, 24 வோல்ட் பவர் சப்ளை ஆகிய நான்கையும் பொருத்தி, இரண்டு ஸ்பீக்கர்களை நேரடியாக இணைக்கக்கூடிய முழு ஸ்டீரியோவாக மாற்றி, எட்டு மாதங்களாக நாள்தோறும் அதில்தான் இசை கேட்டுவருகிறேன். இந்தப் பொருள்களைத் தனித்தனியே மதிப்பிடுவதைக் காட்டிலும், ஒரே பெட்டிக்குள் குடியேறிய பிறகு அவை எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்ப்பதே பயனுள்ளது. மேசைமேல் பரப்பிவைத்துச் சோதித்தபோது குறைசொல்ல இடமில்லாமல் பாடிய அதே பலகைகள், பெட்டிக்குள் நெருக்கமாக அடைபட்ட முதல் நாளில் என்னை மிகவும் ஏமாற்றின. அந்த ஏமாற்றத்துக்குச் சிப்கள் காரணமில்லை. மின்சாரம் வந்து திரும்பும் பாதையை நான் சரியாக அமைக்காததே காரணம். இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே இருக்கும்.

முதலில் பெட்டியைச் சொல்லிவிடுகிறேன். ஆம்ப்ளிஃபையருக்கென்று விற்கப்படும் அலுமினியப் பெட்டிகள் பார்வைக்கு அழகானவை. ஆனால் அவற்றின் பின்பலகையில் ஒவ்வொரு துளையையும் நாமே போட வேண்டும், ஒரு துளை தவறினாலும் பெட்டியின் முகமே கெட்டுவிடும். கணினிப் பெட்டியில் அந்தக் கவலை இல்லை. மதர்போர்டின் இணைப்பிகள் வெளியே தெரிவதற்காக அதன் பின்புறத்தில் 158.75 மி.மீ. அகலமும் 44.45 மி.மீ. உயரமும் உள்ள ஒரு செவ்வகத் திறப்பு இருக்கிறது. எந்த நிறுவனத்தின் பெட்டியாக இருந்தாலும் இந்த அளவு மாறுவதில்லை. பவர் சப்ளைக்கும் அவ்வாறே நிலையான அளவில் ஒரு திறப்பு உண்டு. என் பெட்டியில் இருந்தது எஸ்எஃப்எக்ஸ் வகைக்கானது, அதன் முகப்பு 125 மி.மீ.க்கு 63.5 மி.மீ. இந்த இரண்டு திறப்புகளுக்கும் பொருந்தும்படி 2 மி.மீ. அலுமினியத் தகட்டில் இரண்டு துண்டுகளை வெட்டிக்கொண்டால், பெட்டியின் உடலில் ஒரு துளைகூடப் போடாமல் வேலை முடிந்துவிடுகிறது. நாளை மனம் மாறினால் தகடுகளைக் கழற்றிவிட்டு மீண்டும் கணினியாகவே பயன்படுத்தலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே கணினிப் பெட்டியை நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன்.

பெரிய திறப்புக்கான தகட்டில் நான்கு ஸ்பீக்கர் டெர்மினல்களும், நெட்வொர்க் கேபிளுக்கான ஒரு துளையும், வைஃபை ஆன்டெனாவுக்கான ஒரு சிறு துளையும் வைத்தேன். ஒரு சேனலுக்குரிய சிவப்பு, கறுப்பு டெர்மினல்களுக்கு இடையே 19 மி.மீ. இடைவெளி விட வேண்டும். இரட்டைப் பனானா பிளக்குகள் அந்த இடைவெளிக்கே செய்யப்படுகின்றன. 44 மி.மீ. உயரத்தில் இரண்டு டெர்மினல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதற்குச் சரியாக இடம் இருக்கிறது, அதற்குமேல் ஒரு விரல்நுனிகூட இடமில்லை. துளையை டெர்மினலின் பிளாஸ்டிக் கழுத்து முழுமையாக உள்ளே அமரும் அளவுக்குப் போட வேண்டும். கழுத்து அமராமல் திருகின் உலோகம் தகட்டை ஓரமாக உரசினால், வெளியிலிருந்து பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. ஆனால் ஆம்ப்ளிஃபையரின் ஒரு வெளியீடு முழுப் பெட்டியோடும் இணைந்துவிடும். நான்கையும் பொருத்திய பிறகு, ஆம்ப்ளிஃபையரை இணைப்பதற்கு முன்பாகவே, ஒவ்வொரு டெர்மினலுக்கும் தகட்டுக்கும் இடையே தொடர்பு இல்லை என்பதை மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டேன். மூன்று சரியாக இருந்தன. நான்காவதில் மீட்டர் கத்தியது. கழற்றிப் பார்த்தபோது, துளையின் விளிம்பில் நின்ற முடியிழை போன்ற அலுமினியச் சிம்பு பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. அரத்தால் இரண்டு முறை தேய்த்ததில் சரியாயிற்று. பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கீழே ஆம்ப்ளிஃபையரைப் பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன்.

பெட்டியின் தளத்தில் மதர்போர்டுக்கான நான்கு தூண்கள் மட்டுமே உண்டு. பை பலகையின் துளைகளோ 58 மி.மீ.க்கு 49 மி.மீ. இடைவெளியில், 2.5 மி.மீ. திருகுக்கானவை. எனவே 170 மி.மீ. சதுரத்தில் 3 மி.மீ. அக்ரிலிக் தகடு ஒன்றை வெட்டி, அதை மதர்போர்டின் இடத்தில் திருகி, அதன்மேல் பையையும் ஆம்ப்ளிஃபையர் பலகையையும் பித்தளை ஸ்பேசர்களில் நிறுத்தினேன். மினி ஐடிஎக்ஸ் என்ற அளவை 2001இல் வியா டெக்னாலஜிஸ் அறிமுகப்படுத்தியபோது இப்படியொரு பயன்பாட்டை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் 170 மி.மீ. சதுரம் என்பது இந்த இரண்டு பலகைகளுக்கும் அவற்றுக்கிடையே மூன்று விரல் இடைவெளிக்கும் அளந்து வைத்தாற்போல இருக்கிறது. அந்த இடைவெளியைக் குறைக்காதீர்கள்.

பவர் சப்ளையாக மீன்வெல் நிறுவனத்தின் எல்ஆர்எஸ்-100-24 மாதிரியைத் தேர்ந்தெடுத்தேன். 24 வோல்ட்டில் 4.5 ஆம்பியர் தருவது, 30 மி.மீ. உயரமே உள்ளது, விசிறி இல்லாதது. எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளைக்கென்று ஒதுக்கப்பட்ட இடத்தில் இது தாராளமாக அமர்ந்து, மேலே காற்றோட்டத்துக்கும் இடம் விடுகிறது. பெட்டியோடு வரும் கணினிப் பவர் சப்ளையையே பயன்படுத்தலாமே என்று பலர் கேட்கிறார்கள். அதில் கிடைப்பது 12 வோல்ட். இந்த வகை ஆம்ப்ளிஃபையரில் ஒலியலையின் உச்சம் சப்ளை வோல்ட்டேஜை எட்டும்வரைதான் போக முடியும் என்பதால், 12 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்குக் கோட்பாட்டளவில் 9 வாட்தான் கிடைக்கும். 22 வோல்ட்டில் அது 30 வாட் ஆகிறது. 9 வாட் என்பது அன்றாடக் கேட்டலுக்குப் போதும் என்றாலும், பறைகளும் தாளக்கருவிகளும் திடீரென்று எழும் இடங்களில் அலையின் தலை வெட்டுப்படுவதை நன்றாகவே உணர முடிகிறது. கணினிப் பவர் சப்ளையின் விசிறி இசையின் மௌனங்களில் குறுக்கிடும் என்பது இன்னொரு காரணம்.

24 என்று சொல்லிவிட்டு 22 என்று கணக்கிடுவதற்குக் காரணம் இருக்கிறது. டிபிஏ 3116டி2 சிப்பை அதிகபட்சம் 26 வோல்ட்டில் இயக்கலாம் என்று டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் குறிப்பேட்டில் சொல்கிறது. ஆனால் பலகையில் உள்ள கெப்பாசிட்டர்களையும் பார்க்க வேண்டும். நான் வாங்கிய பலகையில் 25 வோல்ட் என்று அச்சிட்ட கெப்பாசிட்டர்களே இருந்தன. 24 வோல்ட்டில் அவற்றை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது நல்லதாகத் தோன்றவில்லை. எனவே பவர் சப்ளையின் ஓரத்தில் உள்ள சிறு திருகைத் திருப்பி, மல்டிமீட்டரைப் பார்த்தபடி 22 வோல்ட்டுக்கு இறக்கினேன். சத்தத்தில் இழப்பது ஒரு டெசிபலுக்கும் குறைவு. கெப்பாசிட்டர்களுக்குக் கிடைக்கும் ஆயுள் அதைவிட மதிப்புள்ளது.

இந்த வகைப் பவர் சப்ளையில் மெயின்ஸ் மின்சாரம் வரும் திருகுகள் விரல் படும் இடத்திலேயே இருக்கின்றன. மின்சார வேலையில் பழக்கமில்லாதவர்கள் இந்தப் பகுதியை அறிந்த ஒருவரைக்கொண்டு செய்வித்துக்கொள்ள வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். ஃபியூஸும் சுவிட்சும் சேர்ந்த மூன்று முனைச் சாக்கெட்டைச் சிறிய தகட்டில் பொருத்தினேன். அதிலிருந்து வரும் எர்த் கம்பி முதலில் பெட்டியின் உலோகத்துக்குப் போகிறது: பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் எஃகின்மேல் பல் வைத்த வாஷரோடு வளைய லக்கை இறுக்கியிருக்கிறேன். பெயின்ட்டின் மேலேயே லக்கை முடுக்கினால் எர்த் இருப்பதாகத் தோன்றும், இருக்காது. திருகில் செருகும் கம்பி முனைகளுக்கு ஈயம் பற்றவைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, அது தவறு. ஈயம் திருகின் அழுத்தத்தில் மெல்ல நெகிழ்ந்து, சில மாதங்களில் பிடி தளர்ந்துவிடும். கம்பி முனைக்கான உலோகக் குழல்களைப் போட்டு நசுக்கிப் பொருத்துவதே சரி.

இனி ஆம்ப்ளிஃபையர். டி வகுப்பு என்று அழைக்கப்படும் இந்த முறையில் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல லட்சம் முறை முழுமையாகத் திறந்து மூடுகின்றன. பாதி திறந்த நிலையில் நின்று வெப்பமாக வீணடிப்பதில்லை. அதனால்தான் முழு அளவில் இயங்கும்போது பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மின்சாரம் ஸ்பீக்கருக்கே போய்ச் சேர்கிறது. மூடிய சிறு பெட்டிக்குள் விசிறியில்லாமல் ஓர் ஆம்ப்ளிஃபையரை வைக்க முடிவது இதனால்தான். பழைய ஏபி வகுப்பு ஆம்ப்ளிஃபையரை இந்த இடத்தில் நான் வைக்கத் துணிய மாட்டேன். இந்தச் சிப்பின் இரண்டு சேனல்களும் பாலம் போன்ற அமைப்பில் இயங்குகின்றன. அதாவது, ஸ்பீக்கருக்குப் போகும் சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் இரண்டுமே ஆம்ப்ளிஃபையரால் இயக்கப்படுபவை. கறுப்பு என்பது எர்த் இல்லை. பழைய ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் இரண்டு கறுப்புக் கம்பிகளையும் ஒன்றாக முடிந்துகொள்ளலாம், பெட்டியோடும் இணைக்கலாம். இங்கே அப்படிச் செய்தால் அது நேரடிக் குறுக்கிணைப்பு. நான்காவது டெர்மினலில் மீட்டர் கத்தியதை ஏன் அவ்வளவு பெரிதாகச் சொன்னேன் என்பது இப்போது புரியும். சிப்பில் குறுக்கிணைப்புப் பாதுகாப்பு இருக்கிறது, அது நன்றாகவே வேலை செய்யும். என்றாலும் அதை நம்பி வேலை செய்யக் கூடாது.

பலகையைத் தயாரித்தவர்களின் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இந்தச் சிப்பின் வெப்பத்தட்டு மேற்புறம் இருக்கிறது. அதன்மேல் ஹீட் சிங்க் நன்றாகப் படிய வேண்டும். எனக்கு வந்த பலகையில் ஹீட் சிங்க் இரண்டு திருகுகளால் இறுக்கப்பட்டிருந்தது, ஆனால் அடியில் தெர்மல் பேஸ்ட் ஒரு மூலையில் கடுகளவே இருந்தது. அரை மணி நேரம் சற்று உரக்க ஒலிக்கவிட்டதும் சிப் தானாகவே நின்றுவிட்டது. கழற்றித் துடைத்து, புதிய பேஸ்ட்டை மெல்லிய படலமாகத் தடவி மறுபடி பொருத்திய பின் இன்றுவரை ஒருமுறைகூட நின்றதில்லை. இத்தகைய பலகையை வாங்குகிறவர்கள் முதல் வேலையாக ஹீட் சிங்க்கைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

அடுத்த திருத்தம் கெயின், அதாவது உள்ளே வரும் சமிக்ஞையை ஆம்ப்ளிஃபையர் எத்தனை மடங்காக்குகிறது என்பது. இந்தச் சிப்பில் 20, 26, 32, 36 டெசிபல் என்று நான்கு அளவுகளை இரண்டு சிறு ரெசிஸ்டர்கள்மூலம் தேர்ந்தெடுக்கலாம். என் பலகை 26இல் வந்தது. பிசிஎம் 5122 சிப் முழு அளவில் 2.1 வோல்ட் தருகிறது. 26 டெசிபல் என்றால் 20 மடங்கு, 2.1 வோல்ட் 42 வோல்ட்டாக வேண்டும். ஆனால் 22 வோல்ட் சப்ளையில் வெளியீட்டின் உச்சம் 22 வோல்ட்தான்; 2.1 வோல்ட்டைச் சொன்ன அதே ஆர்எம்எஸ் (ஒருவகைச் சராசரி) கணக்கில் அது ஏறக்குறைய 15.5 வோல்ட்டோடு நின்றுவிடுகிறது. 20 டெசிபலில், அதாவது 10 மடங்கில்கூட, 21 வோல்ட் கேட்கிறது. ஆக மிகக் குறைந்த அளவே நமக்குப் போதுமானதற்கு மேல். கீழே எர்த்துக்குப் போகும் ரெசிஸ்டரை 5.6 கிலோ ஓமாக மாற்றி, மற்றொன்றை எடுத்துவிட்டேன். இரண்டும் எள்ளளவுக்குச் சற்றுப் பெரியவை, எனவே நுனி மெல்லிய சால்டரிங் அயனும் நிதானமான கையும் வேண்டும். பலன் உடனே தெரிந்தது. முன்பு, இரவில் வீடு அடங்கிய பிறகு ஸ்பீக்கரிலிருந்து கை நீளத்தில் நின்றால் கேட்ட மெல்லிய ‘உஸ்’ ஒலி, இப்போது உச்சச் சுருதிகளுக்கான ட்வீட்டரில் காதை ஒட்டினால் மட்டுமே கேட்கிறது. வேறெந்தச் செலவும் இந்த அளவுக்குப் பலன் தரவில்லை.

டாக் பலகையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பையின் 40 முனை இணைப்பியின்மேல் அப்படியே அமர்கிறது. பிலிப்ஸ் நிறுவனம் 1986இல் வகுத்த ஐ-ஸ்கொயர்-எஸ் முறையில் ஒலித்தரவை நேரடியாகப் பெறுகிறது. சிப்பின் சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் இடையிலான வீதம் 112 டெசிபல் என்று குறிப்பேடு சொல்கிறது. சிடி தரத்துக்கே 96 டெசிபல்தான் தேவை. இதைவிட உயர்ந்த டாக் சிப்பைத் தேடிப் பணம் செலவழிப்பதற்கு இந்தப் பெட்டிக்குள் நியாயம் இல்லை.

இனி, முதல் நாளின் ஏமாற்றத்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும் மூடி, இயக்கியதும், பாட்டு ஒலிக்காத நேரத்தில் ஸ்பீக்கர்களிலிருந்து சன்னமான கிரீச்சொலி வந்துகொண்டிருந்தது. அது மெயின்ஸ் ஹம் போல ஒரே சீராக இல்லை. கைப்பேசியில் பாடல் பட்டியலை நகர்த்தினால் அதுவும் நகர்ந்தது. புதிய பாடல் ஏற்றப்படும்போது சிட்டுக்குருவிகள் சண்டையிடுவதுபோல் விட்டுவிட்டுக் கேட்டது. கணினி சிந்திக்கும் ஓசை என்றே அதைச் சொல்லலாம். வால்யூமைக் குறைத்தாலும் அது குறையவில்லை. இந்த ஒரு குறிப்பே காரணத்தைக் காட்டிக்கொடுத்தது: வால்யூமுக்குக் கட்டுப்படாத ஒலி, இசையின் வழியாக வரவில்லை.

அப்போது பைக்கான 5 வோல்ட்டை, 22 வோல்ட்டிலிருந்து இறக்கும் ஒரு சாதாரண கன்வெர்ட்டர்மூலம் கொடுத்திருந்தேன். அந்த வகைக் கன்வெர்ட்டரில் உள்ளே வரும் 0 வோல்ட்டும் (மின்னோட்டம் திரும்பும் பக்கம்) வெளியே போகும் 0 வோல்ட்டும் ஒரே கம்பிதான். பை உறிஞ்சும் மின்னோட்டம் திரும்பி வருவதற்கு இதனால் இரண்டு வழிகள் ஏற்பட்டுவிட்டன. ஒன்று, அதற்கென்று நான் போட்ட சப்ளைக் கம்பி. மற்றொன்று, டாக் பலகையிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் ஆடியோ கேபிளின் உலோக மேலுறை; இரண்டு பலகைகளின் 0 வோல்ட்டையும் இணைப்பது அதுதான். தண்ணீருக்கு இரண்டு வாய்க்கால் வெட்டிவிட்டால் இரண்டிலும்தான் ஓடும். ஆடியோ மேலுறையில் அரை ஆம்பியர் ஓடி, அதன் மின்தடை 10 மில்லி ஓமே என்று வைத்துக்கொண்டாலும், 5 மில்லிவோல்ட் அங்கே எழுகிறது. ஆம்ப்ளிஃபையருக்கு அது இசையோடு சேர்ந்த ஒரு சமிக்ஞையாகவே தெரிகிறது, அதைப் பத்து மடங்காக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. பையின் வேலைப்பளு கூடக் குறைய, மின்னோட்டமும் கூடிக் குறைகிறது. நாம் கேட்பது அந்த ஏற்ற இறக்கத்தை.

மேசைமேல் சோதித்தபோது இது ஏன் வரவில்லை என்பது அதன் பிறகுதான் விளங்கியது. அங்கே பைக்குத் தனி அடாப்டர் கொடுத்திருந்தேன். அதன் மின்னோட்டம் அந்த அடாப்டருக்கே திரும்பிவிட்டது, ஆடியோ கேபிளின் பக்கம் வரவேயில்லை.

சந்தையில் இதற்கென்று விற்கப்படும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்களை ஆடியோ கேபிளின் நடுவே போட்டும் பார்த்தேன். கிரீச்சொலி போயிற்று, அதோடு தாழ்சுருதிகளின் உடலும் சற்று மெலிந்துபோயிற்று. நோயை விட்டுவிட்டு அதன் குரலை மட்டும் அடக்குவது எனக்கு ஒப்பவில்லை. முடிவில், உள்ளீடும் வெளியீடும் மின்தொடர்பின்றிப் பிரிக்கப்பட்ட, 18 முதல் 36 வோல்ட்வரை ஏற்று 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் தரும் ஒரு கன்வெர்ட்டரை வாங்கிப் பொருத்தினேன். இப்போது பையின் மின்னோட்டம் அந்தக் கன்வெர்ட்டரைத் தாண்டி வெளியே போக வழியே இல்லை. பையின் 0 வோல்ட் ஆம்ப்ளிஃபையரின் 0 வோல்ட்டைத் தொடுவது ஆடியோ மேலுறையில், ஒரே ஓர் இடத்தில்தான். பெட்டியை மூடி இயக்கியதும் ஏற்பட்ட அமைதியில், மின்சாரம் வருகிறதா என்று முகப்பு விளக்கைப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். சாதாரண கன்வெர்ட்டரைவிட இது சில மடங்கு விலை கூடியது. ஆனால் இந்த ஸ்டீரியோவில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

இந்த ஒழுங்கைக் காப்பாற்றச் சில சிறு விஷயங்களிலும் கவனம் வேண்டியிருந்தது. பையின் யுஎஸ்பி, நெட்வொர்க் சாக்கெட்டுகளின் உலோகக் கூடுகள் பையின் 0 வோல்ட்டோடு இணைந்தவை. அவை பின்தகட்டைத் தொட்டால் இரண்டாவது வாய்க்கால் மறுபடியும் திறந்துகொள்ளும். அதனால் பையைத் தகட்டிலிருந்து விலக்கி உள்ளே தள்ளி வைத்து, மேலுறையில்லாத ஒரு குட்டை நெட்வொர்க் கேபிள்மூலம் இணைப்பை வெளியே கொண்டுவந்தேன். ஆம்ப்ளிஃபையரிலிருந்து டெர்மினல்களுக்குப் போகும் கம்பிகளை இணை இணையாக முறுக்கி, ஆடியோ கேபிளைக் குறுக்கே கடக்காமல் பெட்டியின் எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோனேன்.

இயக்கும்போதும் நிறுத்தும்போதும் ஸ்பீக்கரில் ‘டொப்’ என்று ஓர் அடி விழுவது இத்தகைய அமைப்புகளில் வழக்கம். சிப்பில் மியூட் முனை ஒன்று இருக்கிறது, அதற்கு 3.3 வோல்ட் கொடுத்தால் வெளியீடு அடங்கிவிடும். பையில் நம் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ளும் ஜிபிஐஓ முனைகளில் 0 முதல் 8 வரையிலானவை மின்சாரம் வந்த உடனே தாமாகவே உயர்நிலையில் நிற்கும், 9 முதல் 27 வரையிலானவை தாழ்நிலையில் நிற்கும். ஆகவே பலகையில் எர்த்தோடு கட்டப்பட்டிருந்த மியூட் முனையைப் பிரித்து, ஜிபிஐஓ 5இல் இணைத்தேன். மென்பொருள் முழுவதும் ஏறி, நானே அதைத் தாழ்த்தும்வரை ஆம்ப்ளிஃபையர் வாய் திறப்பதில்லை. ஒற்றைக் கம்பிதான், அதோடு சேர்த்து ஓர் எர்த் கம்பியையும் கொண்டுபோகும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

கணினிப் பெட்டி தரும் மற்றொரு மகிழ்ச்சி, முகப்பில் ஏற்கெனவே இருக்கும் பொத்தான்கள். பையின் ஜிபிஐஓ 3 முனைதான் வழக்கமாக நிறுத்தவும் எழுப்பவும் பயன்படுகிறது. ஆனால் டாக் சிப்போடு பேசுவதற்கான தடமும் அதே முனைதான் என்பதால் நிறுத்தும் பொத்தானை அங்கே வைக்க முடியாது. பெட்டியில் பவர், ரீசெட் என்று இரண்டு பொத்தான்கள் இருந்தது நல்லதாகப் போயிற்று. பவர் பொத்தானை ஜிபிஐஓ 17இல் இணைத்து முறையாக நிறுத்துவதற்கும், ரீசெட் பொத்தானைப் பையின் ‘ரன்’ முனையில் இணைத்து மீண்டும் எழுப்புவதற்கும் வைத்திருக்கிறேன். மெமரி கார்டில் இயங்கும் கணினியைச் சட்டென்று மின்சாரத்தைப் பிடுங்கி நிறுத்துவது கார்டைக் கெடுக்கும். பொத்தான் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் அந்தத் தவறை வீட்டில் யாரும் செய்வதில்லை. பை 5 வாங்குகிறவர்களுக்கு இந்தச் சுற்றுவழி வேண்டியதில்லை, அதில் பவர் பொத்தானுக்கென்றே தனி இடம் உண்டு.

எஃகுப் பெட்டி வெளியிலிருந்து வரும் ரேடியோ இரைச்சலைத் தடுக்கிறது. அதே காரணத்தால் பையின் வைஃபையையும் மூச்சுத் திணற வைக்கிறது. மூடியைத் திறந்தால் பாடுவதும் மூடினால் விக்குவதுமாக இரண்டு நாள் பார்த்துவிட்டு, வெளி ஆன்டெனா உள்ள யுஎஸ்பி வைஃபை கருவியைப் போட்டேன். இயன்றவர்கள் நெட்வொர்க் கேபிளையே இழுத்துவிடுங்கள்.

பையில் இசையை இயக்கும் மென்பொருளுக்கு மூட் ஆடியோ. வால்யூமியோவும் பார்த்தேன், அதுவும் நல்லதே. மூட் ஆடியோவில், சுருதிகளின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் கமில்லா டிஎஸ்பி உடன் வருவதால், அறையின் ஒரு மூலையில் தேங்கும் தாழ்சுருதியைச் சீர்செய்துகொள்ள முடிந்தது. அதற்கென்று தனிக் கருவி தேவைப்படவில்லை.

ஒலியைப் பற்றி. என் ஸ்பீக்கர்கள் 8 ஓம், 1 வாட்டுக்கு 86 டெசிபல் தரும் புத்தக அலமாரி வகையைச் சேர்ந்தவை. தனிக்குரல் பாடும்போது பாடகர் மூச்சு இழுக்கும் இடமும், வரியின் முடிவில் குரல் தேய்ந்து மறையும் இடமும் தெளிவாக இருக்கின்றன. பின்னணியில் எதுவும் ஊர்வதில்லை என்பதால்தான் அந்தத் தேய்வைக் கடைசிவரை தொடர முடிகிறது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து ஓசை வீங்காமல், எழுந்த வேகத்திலேயே அடங்குகிறது. உச்சச் சுருதிகளில், குறிப்பாக ஜால்ரா போன்ற உலோக ஓசைகளில், ஒரு சிறு மினுமினுப்புக் கூடுதலாகத் தெரிகிறது. வெளியீட்டில் உள்ள காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்த வடிகட்டி எந்த ஸ்பீக்கரை எதிர்கொள்கிறதோ அதற்கேற்ப நடந்துகொள்வதால், 8 ஓம் ஸ்பீக்கர்களில் உச்சத்தில் சற்றே ஏற்றம் வருவது இத்தகைய பலகைகளின் இயல்பு. கமில்லா டிஎஸ்பியில் அரை டெசிபல் இறக்கிவிட்டேன். 4 ஓம் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள், முழு வால்யூமில் நெடுநேரம் கேட்பதானால் இந்தப் பலகையைவிடப் பெரியதொன்றை நாட வேண்டும். மூடிய பெட்டிக்குள் சிப்பின் வெப்பம்தான் அங்கே எல்லையாக நிற்கும்.

பெட்டியிலும் ஒரு குறை உண்டு. பக்கத் தகடு மெல்லியது. ஸ்பீக்கர் இருக்கும் அதே மேசையில் வைத்தால் சில தாழ்சுருதிகளுக்குக் கூடவே அதிர்கிறது. உட்புறத்தில் அதிர்வடக்கும் தார்த்தாள் இரண்டு துண்டுகளை ஒட்டியதும் நின்றுவிட்டது. தாளைக் காற்றுத் துளைகளுக்கு மேல் ஒட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விசிறியை நான் முழுவதுமாக எடுத்துவிட்டேன். தொடர்ந்து நான்கு மணி நேரம் ஒலித்த பிறகும் மூடியின் மேற்புறம் கை வைத்தால் இளஞ்சூடாகவே இருக்கிறது.

சால்டரிங் அறிந்த, மல்டிமீட்டர் வைத்திருக்கிற, ஒரு வாரக் கடைசியை விட்டுக்கொடுக்கக்கூடியவர்களுக்கு இந்த அமைப்பைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். உடனே பாட்டுக் கேட்க வேண்டும் என்பவர்களுக்கு, டாக்கும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்து தயாராக வரும் சிறு கருவிகளே மேல். அவற்றில் எர்த் பாதைகளைத் தயாரித்தவர்களே கணக்கிட்டு வைத்திருப்பார்கள்.

என் பெட்டியில் இன்னும் முடியாத வேலை ஒன்று இருக்கிறது. முகப்பில் உள்ள ஹெட்ஃபோன் துளையின் கம்பி எட்டு மாதமாக உள்ளே சுருட்டிக் கட்டப்பட்டிருக்கிறது. ஹெட்ஃபோனில் இடது வலது இரண்டுக்கும் எர்த் பொது என்பதால், பால அமைப்பில் இயங்கும் ஆம்ப்ளிஃபையரிலிருந்து அதை எடுக்கவே கூடாது. டாக் பலகையிலிருந்து தனியாக ஒரு சிறு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையர் வைத்துத்தான் தர வேண்டும். அதற்கான மின்சாரத்தையும் பிரிக்கப்பட்ட கன்வெர்ட்டரின் பக்கமிருந்தே எடுக்க வேண்டும். அக்ரிலிக் தகட்டின் முன்மூலையில் 40 மி.மீ. இடத்தை அதற்காக விட்டுவைத்திருக்கிறேன், துளைகளும் போட்டாயிற்று.